ஏழாவது வரி

தம்ளருக்கு நாலு விரல் தள்ளி, வெறும் தரையில் தண்ணீரை ஊற்றினாள் சண்முகப்பிரியா. கை தவறிச் சிந்தவில்லை. தம்ளர் நிரம்பும் நேரம் வரைக்கும் நிதானமாக ஊற்றிவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"எங்கடி பாத்து ஊத்தற?"

"தம்ளர்லதாம்மா."

பகல் பதினொரு மணி. வெண்ணந்தூரில் அந்த வீட்டுக்கும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். விடிந்ததிலிருந்து விசைத்தறிகள் அடித்த அடியில் அலமாரிப் பாத்திரங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கஞ்சிப் பசையும் மிஷின் எண்ணெயும் கலந்த வாடைக்கு அடியில், எத்தனை பினாயில் ஊற்றினாலும் போகாத வாந்தி நாற்றம் கிடந்தது.

இரண்டு மாதமாக இப்படித்தான். எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்வாள், சொல்லாமல் கொள்ளாமல் வாந்தி எடுப்பாள், கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று அம்மா அறிவுச்செல்வி இரண்டு முறை அடித்தும் இருக்கிறாள்.

"புள்ள கதவு நெலவுல போயி இடிச்சுக்கறா அம்முணி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ," என்று தறி ஓட்டும் சௌந்திரம் போன வாரம்கூடச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துலயே கண்ணு பாத்து சீட்டுக் குடுத்துட்டாங்கக்கா. பார்வ ஆறுக்கு ஆறு, கொறையே இல்ல."

பட்டம் வாங்கிய அறிவுச்செல்விக்குத் தறிக்காரி யோசனை சொல்வதா என்ற எரிச்சல்.

அந்தச் சீட்டின் லட்சணம் அவளுக்குத்தானே தெரியும். கண் பரிசோதனை முகாமுக்கு முந்தின நாளே எழுத்து அட்டையை வகுப்பில் மாட்டிவிட்டார்கள். மகளைக் கூப்பிடப் போனவள் அதை செல்போனில் படம் பிடித்துவந்து, ஏழு வரியையும் ராத்திரியே மனப்பாடம் செய்ய வைத்தாள். அந்தக் குடும்பத்துக்கு முதல் டிகிரியை அவள் வாங்கியதும் அப்படி மனப்பாடம் செய்துதான். ஏழு வயதில் கண்ணாடி மாட்டிவிட்டால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவன் என்ன பேசுவான்?

கரண்ட் போனது. தறிகள் நின்றன. காது அடைத்ததுபோல ஓர் அமைதி.

"அம்மா, கிட்ட வந்துருச்சு."

"என்னடி?"

"கருப்பா ரெண்டு ஓரத்துலயும் நிக்குமே, அது. தல வலிக்கறப்ப நகந்து நகந்து வரும். இப்ப மூஞ்சிகிட்ட நிக்குது."

அறிவுச்செல்வி மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ஏன் சாமி எங்கிட்டச் சொல்லல?"

"தெரியலன்னு சொன்னா தோலை உரிப்பேன்னு நீதான சொன்ன."

மகளின் காதோரம் கையை ஆட்டினாள். அசைவில்லை. கன்னத்தருகே. இல்லை. மூக்குக்கு நேரே. இமைகூடக் கொட்டவில்லை. செல்போன் டார்ச்சை அடித்தாள். வெளிச்சம் விழுந்தும் கண் பாப்பா சுருங்கவில்லை. இரண்டு கறுத்த கிணறுகள். தண்ணீர் தெரியாத கிணறுகள்.

"அக்கா! சௌந்திரக்கா! வண்டி கூப்புடுங்க! புள்ளைக்குக் கண்ணு—"

கரண்ட் வந்தது. தடக். தடக். தடக். கத்தியதில் மிச்சம் அவள் காதுக்கே கேட்கவில்லை.

அம்மா போட்ட சத்தத்தில் பிள்ளை மிரண்டாள். தடவித் தடவிப் போய்ச் சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். அம்மா சொல்லிக்கொடுத்தபடியே.

வெறும் சுவர். சுண்ணாம்பு.

"ட… ப, ம… க, ர, ய…"

ஒரு வரி விடவில்லை. ஒரு எழுத்து பிசகவில்லை. ஏழாவது வரி. கை மாற்றினாள். மறுபடி ஏழு வரி.

பிறகு திரும்பினாள். யாருமே இல்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாஸாம்மா?"

தடவிக்கொடுக்கச் சொல்லித் தலையைக் குனிந்தாள்.

நாலடி தள்ளி நின்ற அறிவுச்செல்வி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். அங்கே, எண்ணெய் வைத்து வாரிய அந்தச் சின்னத் தலையில், யார் கையும் படாமலே முடி மெல்ல அமுங்கியது. உச்சியிலிருந்து பிடரி வரைக்கும். திரும்பவும் உச்சியிலிருந்து.