ஒரு சாண் கதவு

அக்காவின் அறையில் பூனைக் கிண்ணம் நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. ஒரு பருக்கை கிடையாது, ஓரத்தில் ஈரம்கூடக் காயவில்லை. பூனை செத்து ஐந்து வாரம். அக்கா போய்ச் சேர்ந்து மூன்று வாரம். அறைக்கு வெளியே தாழ்ப்பாள், அதில் பூட்டு, சாவி சின்னவளின் கைப்பையில்.

கட்டிலை யார் தலையிலாவது கட்டலாம் என்று அளவெடுக்க வந்தவள், டேப்பும் கையுமாக நின்றாள். எலியாகத்தான் இருக்கும். ஆனால் எலி என்றால் வீட்டையே தலைகீழாக்கும் அவள் நாய், எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பதால் மேஸ்திரி என்று பெயர் வாங்கியவன், நிலைப்படியில் மூக்கை வைத்துப் படுத்து, காலிக் கட்டிலைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சின்னவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையிடம், அவளுக்கு வலிப்பு வரும் என்று ஒரு பொய்யைப் போட்டுத் தானே கட்டிக்கொண்டவள் அக்கா. சின்னவள் அதற்கப்புறம் யாரையும் கட்டவில்லை. சலவைக்கடையில் ஊர்த் துணியை மோந்து பார்த்துப் பிரித்தே இருபது வருஷம் ஓடிற்று. அப்புறம் ஒருநாள் புருஷனும் போய், ஈரலும் கெட்டு, உடம்பெல்லாம் மஞ்சளாய், கூடையில் சீமாட்டி என்கிற பூனையோடு அக்கா வாசலில் வந்து நின்றாள். "உன்னை விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்றாள். எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நாயையும் பூனையையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று நாய் டாக்டர் விளக்கமாகச் சொல்லியிருந்தார். "பத்து நாள் மூடின கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு வைங்க. தினம் கிண்ணத்தை ஒரு சாண் கிட்ட நகர்த்துங்க. பூனை படுத்த துணியை நாய்க்குக் காட்டி, உடனே கறி குடுங்க. அந்த வாசனை வந்தா நல்லது நடக்கும்னு அதுக்குப் பதியணும். அப்புறம் ஒரு சாண் கதவைத் திறங்க. அவசரப்படாதீங்க."

சின்னவள் எல்லாம் செய்தாள். கறி மட்டும் கொடுக்கவில்லை. சீமாட்டியின் துண்டை மேஸ்திரியின் மூக்கில் வைத்து அழுத்திச் செருப்பால் அடித்தாள். தினம் சாயங்காலம், பத்து நாள். பதினோராம் நாள் அக்கா மாத்திரை மயக்கத்தில் இருந்தபோது கதவை விரியத் திறந்துவிட்டாள். சீமாட்டியின் கதை முடிய ஒரு போர்வையை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"தாப்பா சரியா விழலக்கா," என்றாள்.

அக்கா அழவில்லை. தங்கையின் காலில் கிடந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ அவசரப்பட்டுட்ட. டாக்டர் சொன்ன மாதிரி நிதானமா செய்யணும். நான் செஞ்சு காட்டுறேன்," என்றாள். இரண்டு வாரத்தில் செத்தாள். சின்னவளுக்கு வயிறு குளிர்ந்தது, இல்லையென்று சொல்வானேன்.

கட்டிலை அளக்க வந்த மறுநாள் சாயங்காலம் பூட்டைத் திறந்து பார்த்தாள். கிண்ணம் கதவை நோக்கி ஒரு சாண் நகர்ந்திருந்தது. அடியில் விரித்திருந்தது அவளுடைய தலையணை உறை.

மோந்து பார்த்தாள். அவள் தலை எண்ணெய், அவள் வியர்வை. உறையைக் கடைக்குக் கொண்டுபோய் மூன்று தடவை வெளுத்து அலமாரியில் வைத்தாள். அடுத்த நாளும் அது கிண்ணத்துக்கு அடியில்தான் கிடந்தது, வெளுக்காத நாற்றத்தோடு. கிண்ணம் இன்னொரு சாண் கிட்டே வந்திருந்தது. அன்றுதான் மேஸ்திரியின் விலாவில் தடிப்பைப் பார்த்தாள். செருப்பின் அகலம். தடவிக்கொடுக்கக் கையை நீட்டினாள். ஐந்து வருஷமாக அவள் காலடியில் தூங்கியவன், அவள் விரலை மோந்ததும் நடுங்கிப் பின்வாங்கி உறுமினான்.

அவளுக்கு என்று இருந்தது அந்த ஒரு ஜீவன்தான். அக்காவிடம் அதையும் பறிகொடுப்பதா என்று அவளுக்குப் பற்றி எரிந்தது. பூட்டை மாற்றினாள். பயன் இல்லை. அவள் கடையில் இருக்கும் நேரத்தில் தடிப்புகள் கூடின. இரவில் மேஸ்திரி அந்தக் கதவோடு ஒட்டிப் படுத்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ குர்ர் குர்ரென்று சுகமாக மூச்சு விட்டது.

ஒன்பதாம் நாள் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"என் நாயே என்னைக் கண்டா உறுமுது டாக்டர்."

"உங்க வாசனையைக் காட்டி யாராவது அடிக்கிறாங்களா பாருங்கம்மா. மத்தபடி பூனைகூட நல்லா ஒட்டிக்கிச்சாமே?"

"யார் சொன்னா?"

"உங்கக்காதான். நேத்து பேசினாங்க. நாளைக்குக் கதவைத் திறக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

பத்தாம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் எறிந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தாள். பூட்டைத் திறந்தாள். கிண்ணம் கதவுக்கு ஒரு சாணில் இருந்தது. குனிந்து எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் உறுமல்.

மேஸ்திரி நடையில் நின்றான். முதுகு மயிர் சிலிர்த்து. பல் தெரிய. சீமாட்டியைப் பார்த்தபோது அவன் இப்படித்தான் நின்றான்.

"மேஸ்திரி. நான்டா."

அவன் ஓர் அடி வைத்தான். அவள் உள்ளே நகர்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே தைல வாசனை. பூனை வாசனை. கையில் கிண்ணம். அதன் அடியில் ஒட்டி வந்த அவளுடைய தலையணை உறை. நாயின் கால் நகங்கள் தரையில் கீறின. அதற்குப் பின்னால் மெதுவாக, காலை இழுத்து இழுத்து, ஒரு நடை. அந்த நடையை அவளுக்குத் தெரியும்.

பளார். செருப்புச் சத்தம். நாய் ஊளையிட்டது.

பளார்.

"அக்கா," என்றாள். "அக்கா, தப்புதான்."

சத்தம் நின்றது. தாழ்ப்பாள் மெல்ல மெல்ல உயர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது.

கீழே மேஸ்திரியின் பல். அவன் கழுத்தில் சாய்ந்துகொண்டு சீமாட்டி, அவன் காதை நக்கிக்கொடுத்தபடி. மேலே, கதவு விளிம்பைப் பிடித்த மஞ்சள் விரல்கள் கதவை இன்னொரு சாண் திறந்தன.