அறைக்கு நாலு பேர்

ஊதியதும் கிளாரினெட் கீச்சென்று கத்தியது. அதைத் தொட்டுப் பல காலமாயிற்று, அது கத்தாமல் என்ன செய்யும்? செந்தூர்பாண்டியைத் திடுக்கிட வைத்தது அதுவல்ல. ஊதி முடித்த அமைதியில், அவருடைய இடது காதில் ஏதோ லேசாகத் தட்டியது. அந்தக் காது செத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆமத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் அவர் போர்மேனாக இருந்தவர். ஒரு சித்திரை வெயிலில், பட்டாசுக்கு வெடிமருந்து இறுக்குகிற மருந்து அறை வெடித்தபோது வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள். அவருக்கு இடது காது மட்டும் போனது. நரம்பே செத்துவிட்டது, இனி இடி விழுந்தாலும் கேட்காது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

இந்தப் பொங்கலோடு வேலையிலிருந்து ஓய்வு. ஆனாலும் போர்மேன் குரல் ஓயவில்லை, கையும் ஓயவில்லை. கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செப்புத் தகடு இருக்கும். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்கட்டும் என்று அதில் உள்ளங்கையை அழுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் சொந்த வீட்டு இரும்பு கேட்டையும் அவர் தொட்டுவிட்டுத்தான் நுழைவார்.

"நம்ம வீட்ல அரிசியும் பருப்புந்தான இருக்கு. அதுவா வெடிக்கப் போகுது?" என்று அவர் மனைவி வெள்ளைத்தாய் சிரிப்பாள்.

வாலிபத்தில் அவர் பேண்டு செட்டில் வாசித்த அந்தக் கிளாரினெட்டைப் பரணிலிருந்து இறக்கியதும் அவள்தான். பேத்தி பிரீத்திகாவுக்கு இருக்கன்குடி கோவிலில் காதுகுத்து. தாத்தா வாசிப்பார் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். "இம்புட்டு நாள் தூங்குச்சு. இப்பத்தான் இதுக்குச் சீசன் வந்துருக்கு" என்று தூசி தட்டினாள். கையில் இரண்டு தங்க வளையல்கள் கிணுங்கின. அவள் அடுக்களையில் இருக்கிறாளா, கொல்லையில் இருக்கிறாளா என்பதை நல்ல காதால் அந்தக் கிணுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு அவருக்குத் துணை என்று இருந்தது அது ஒன்றுதான்.

தினமும் மத்தியானம் வாசித்தார். தினமும் தட்டல் கொஞ்சம் கிட்ட வந்தது. காதுக்கு உயிர் வருகிறதென்று முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. செல்போனை இடது காதில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைத்தாயை அந்தப் பக்கமாகக் கூப்பிடச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. தட்டல் மட்டும் கேட்டது. டக் டக், ஒரு இடைவெளி, மறுபடி டக் டக். வாசிக்கிற பாட்டுக்குத் தாளம் போடுவது போல அவ்வளவு ஒழுங்காக விழுந்தது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது என்ன சத்தமென்று பிடிபட்டது, உருட்டிய சோறு கையிலேயே நின்றுவிட்டது. புஸ்வாணக் கூட்டில் மருந்தைப் போட்டுக் கட்டையால் தட்டி இறுக்குகிற சத்தம். நாலு கட்டைகள். சட்டப்படி அறைக்கு நாலு பேர்தான்.

மறுநாள் தட்டலுக்கு நடுவே குரலும் வந்தது. "அண்ணாச்சி, மருந்து தீந்துருச்சு." அந்த அறையோடு போன நாலு பேரில் ஒருத்தி, வள்ளித்தாயின் குரல்.

கிளாரினெட்டைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தட்டல் நிற்கவில்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார்.

"என்னமோ மாதிரி இருக்கீகளே. காதுகுத்துல வாசிக்கணுமேன்னு பயமா?" என்று வெள்ளைத்தாய் கேட்டாள்.

"வேணாம் புள்ள. இந்த வாசிப்பை விட்ருவோம்."

"பிள்ளை பள்ளிக்கூடம் பூரா சொல்லி வச்சிருக்கா. எனக்காக வாசிங்க" என்றாள். அவருக்கு மறுக்க மனம் வரவில்லை.

காதுகுத்துக்கு முந்தின நாள் அவள் பூவும் சாமானும் வாங்கி வர விருதுநகரில் மகள் வீட்டுக்குப் போனாள். "மத்தியான பஸ்ஸுக்கு வந்துருவேன். நான் வரும்போது சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கணும்."

மத்தியானம் கரண்ட் போயிற்று. காற்றாடி நின்றது. தெருவில் வெயில் வெள்ளையாக எரிந்தது, ஒரு காக்கைகூட இல்லை. கொடுத்த வாக்குக்காகக் கிளாரினெட்டை எடுத்து ஊதினார். உடனே தட்டல் தொடங்கிவிட்டது. கந்தகமும் ஈரச்சாக்கும் கலந்த வாடை வீட்டுக்குள் பரவியது. அவர் வேகமாக வாசித்தார். தட்டலும் வேகமானது.

அப்போது தாளம் பிசகியது.

யாரோ புதிதாகத் தட்டினார்கள். பழகாத கை. நாலுக்கு மேல் ஒன்று. தட்டும்போதெல்லாம் கூடவே ஒரு கிணுக்கம். உலோகம். உரசிப் பொறி பறக்கும் என்று மருந்து அறைக்குள் விடவே கூடாதது.

கோபம் அவருக்குத் தலைக்கேறியது. எத்தனை வருடத்துப் பழக்கம்! கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துக் கத்திவிட்டார்.

"யாரது அஞ்சாவது ஆளு? வளையலோடயா மருந்து ரூம்ல உக்காந்துருக்க? எந்திரி! வெளிய வா!"

தட்டல் நின்றது. நாலும் நின்றன. ஐந்தாவதும் நின்றது.

பிறகுதான் அது யாருடைய கிணுக்கம் என்று அவருக்கு உறைத்தது.

வாசலில் வெள்ளைத்தாய் நின்றாள். கையில் பை இல்லை. காலில் செருப்பு இல்லை.

"கூப்பிட்டீகளா?"

தெளிவாகக் கேட்டது. இடது காதில்.

வலது காதை விரலால் அடைத்தார். "உங்களத்தான், கூப்பிட்டீகளா?" அப்போதும் கேட்டது. வலதைத் திறந்து இடதை அடைத்தார். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. பின்னால் மேஜையில் செல்போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. திரும்பிப் பார்த்தார், திரையில் மகள் பெயர். அவர் எடுக்கவில்லை. காதிலிருந்து விரல் தானாக நழுவியது.

"வெளிய வரச் சொன்னீகள்ல. அவுகளும் கூட வர்றோம்னாக."

வெள்ளைத்தாய் இரும்பு கேட்டில் உள்ளங்கையை அழுத்தினாள். ஒருநாளும் அப்படிச் செய்தவளில்லை. கையை எடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கேட்டில் ஐந்து விரலும் பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியில் பளபளவென்று பதிந்திருந்தன.

அந்தத் தடத்தின் மேல் இன்னொரு கை வந்து அழுந்தியது. அதன் பின்னால் அடுத்த கை, தன் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தது.