உப்புக் கோட்டைக்கு விழுந்த ஓட்டுகள்

இந்த ஆண்டு நான் இருபத்து மூன்று மாயக்கதைகள் படித்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச ஆள் இல்லாவிட்டால் நீங்களும் இருபத்து மூன்று படிப்பீர்கள்.

அப்பாவுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. அந்த வேலைக்காகத்தான் இந்த ஊருக்கு வந்தோம். அம்மா ஆறு மணிக்கு வருவாள், அப்பா ஏழு மணிக்கு வருவார். நாலு மணிக்கு நானே பூட்டைத் திறந்து, நானே உள்ளே போய், நானே கதவைச் சாத்திக்கொள்வேன்.

என் வகுப்பில் எல்லாரும் முதல் வகுப்பிலிருந்தே ஜோடி சேர்ந்துவிட்டவர்கள். யாரும் என்னைத் திட்டவில்லை, தள்ளிவிடவில்லை. என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அவ்வளவுதான். மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் டிபன் டப்பாவும் முழங்காலில் புத்தகமுமாகச் சாப்பிடுவேன். சில பக்கங்களில் எண்ணெய்க் கறை இருந்தால் அது நான்தான்.

அந்த இருபத்து மூன்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'உப்புக் கோட்டை'. முழுக்க முழுக்க உப்பால் கட்டிய கோட்டை. மழை பெய்தால் கரைந்துவிடும். அதைக் காக்க ஒரே ஒரு காவல்காரி. வெளியே ஒரு மழை மிருகம் உண்டு. அது போகும் இடமெல்லாம் மழை பெய்யும், பாவம். அது ஒருநாள் வந்து கதவைத் தட்டுகிறது.

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று இருந்தது. அப்பாவிடம் ஆரம்பித்தேன்.

"அப்பா, மழை மிருகம் கதவுக்கு வெளியில நிக்குது. காவல்காரிக்குத் திறக்கிறதா வேண்டாமான்னு தெரியல. நீங்களா இருந்தா திறப்பீங்களா?"

"எந்த மாடியில மாட்டிக்கிச்சு?" என்றார் அப்பா, கண்ணை மூடியபடியே. அடுத்த நிமிடம் குறட்டை. அன்றைக்கு அவர் பதினொரு லிஃப்டைச் சரிசெய்திருந்தார். அவரைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் பள்ளி நூலகத்தில் ஆண்டுக் கடைசியில் ஓர் ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். இந்த ஆண்டு படித்த மாயக்கதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பெயர் எழுதக்கூடாது. பெயர் எழுதச் சொன்னால் பிள்ளைகள் டீச்சருக்குப் பிடித்ததை எழுதிவிடுகிறார்கள் என்பது நூலக மிஸ்ஸின் கணக்கு.

நானும் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சீட்டின் நினைப்பாகவே இருந்தது. பெட்டிக்குள் உப்புக் கோட்டைக்கென்று ஒரே ஒரு சீட்டு, துணைக்கு ஒன்றுகூட இல்லாமல் கிடக்கும். என்னால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பச்சை மையில் இன்னொன்று எழுதிப் போட்டேன். அதற்கு மறுநாள் இடது கையால் ஒன்று. அப்புறம் பெரிய பெரிய எழுத்தில் ஒன்று, எழுத்தைச் சாய்த்து ஒன்று, கோடு போட்ட தாளில் ஒன்று. 'எங்கள் வீட்டில் எல்லாரும் படித்து அழுதோம்' என்று கடைசியாக ஒன்று. எழுத எழுத, அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் நிஜமாகவே நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. மொத்தம் ஏழு. ஒன்று நல்ல ஓட்டு, ஆறு கள்ள ஓட்டு.

திங்கட்கிழமை முடிவு வந்தது. நூலக வாசலில் பலகை.

'முதலிடம்: உப்புக் கோட்டை. எட்டு ஓட்டுகள். ஓட்டுப் போட்ட எட்டு வாசகர்களும் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் நூலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பேசுவோம். பிஸ்கட் உண்டு.'

எட்டு பேருக்கு நான் எங்கே போவேன்?

அப்புறம்தான் உறைத்தது. எட்டா? நான் எழுதியது ஏழுதானே.

பலகையில் சீட்டுகளையும் குத்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் போட்டது நான். பச்சை மை நான். இடது கை நான். சாய்ந்தது, பெரியது, கோடு போட்டது, அழுதது, எல்லாம் நான். ஓரத்தில் இன்னொன்று இருந்தது. பென்சிலில், பொடிப் பொடி எழுத்தில்.

'மழை மிருகம் நனைந்துகொண்டே நிற்கிறது. யாருமே அதை உள்ளே கூப்பிடவில்லை.'

இது நான் எழுதியது இல்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கேயோ ஓர் ஆள் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தூக்கம் சரியில்லை. போனால் மாட்டிக்கொள்வேன். மற்ற ஆறு பேர் எங்கே என்று மிஸ் கேட்பார். கள்ள ஓட்டுக்காரி என்று பள்ளிக்கூடமே பேசும். போகாவிட்டாலோ, அந்தப் பென்சில் எழுத்துக்காரர் மட்டும் வந்து, எட்டு நாற்காலிக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் போனேன்.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். எட்டு நாற்காலிகள் வட்டமாக இருந்தன. பிஸ்கட் தட்டு இருந்தது. ஆள் யாரும் இல்லை. மிஸ்ஸும் இல்லை.

வராந்தாக் கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் எட்டாம் வகுப்பு அக்கா ஒருவர் நின்றிருந்தார். ரொம்ப உயரம் என்பதால் எல்லாரும் 'ஏணி' என்பார்கள். யாரிடமும் பேச மாட்டார், தலைக்கனம் என்றும் சொல்வார்கள். அவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். நூலகத்தைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டினார். மறுபடி பிடித்தார். மறுபடி கொட்டினார். பிறகு பையை மாட்டிக்கொண்டு வெளியே போகும் பக்கம் திரும்பினார்.

நான் ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, லைப்ரரிக்கா வந்தீங்க?"

"இல்ல. தண்ணி பிடிக்க வந்தேன்."

"பாட்டில் காலியா இருக்கே."

அக்கா பாட்டிலைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "உள்ள ஏழு பேர் இருப்பாங்க. ரெண்டு பேருக்கு மேல இருந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். நீ போய்ப் பேசும்மா. எனக்கு வேண்டாம்."

'இன்னும் யாரும் வரல' என்று மட்டும் சொல்லி உள்ளே கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் ஏழு பேர் எந்த நிமிடமும் வந்துவிடுவார்கள் என்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டு இருப்பாரே. அதை நினைத்ததும் என் மானம் போனால் போகட்டும் என்று தோன்றியது.

"அந்த ஏழு பேர் வரவே மாட்டாங்கக்கா. அந்த ஏழும் நான்தான்."

அக்கா குனிந்து என்னைப் பார்த்தார். "பச்சை மை?"

"நான்."

"கோணலா ஒண்ணு இருந்ததே?"

"இடது கை."

"எங்க வீட்ல எல்லாரும் அழுதோம்னு?"

"எல்லாரும்னா, நான் மட்டும்தான். அப்ப வீட்ல வேற யாரும் இல்ல."

அக்கா சிரிக்கவில்லை. பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நிஜமாவே உள்ள யாரும் இல்லையா?"

"ஒருத்தரும் இல்ல."

"சரி, வரேன்," என்றார்.

உள்ளே போய்ப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பிஸ்கட் தின்றோம். இரண்டாவது பிஸ்கட்டில் அக்கா மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காவல்காரி கதவைத் திறந்திருக்கணும்."

"திறந்தா கோட்டை கரைஞ்சிடுமே."

"கரையட்டும். தட்டுறவங்களை வெளியில நிக்க வெச்சுட்டு, அப்படி ஒரு கோட்டை எதுக்கு?"

"அது அவ வீடுக்கா. வீடே போயிட்டா அவ எங்க இருப்பா?"

"நீ கடைசி அத்தியாயத்தைச் சரியாப் படிக்கல."

"நான் மூணு தடவை படிச்சேன்."

"நான் அஞ்சு தடவை."

எனக்கு வந்ததே கோபம். ஆறு கள்ள ஓட்டுக்காரர்களில் ஒருவர்கூட என்னை எதிர்த்துப் பேசியதில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து நூற்று நாற்பதாம் பக்கத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். அவர் அதைத் தள்ளிவிட்டு நூற்று அறுபதை எடுத்தார். எங்கள் சத்தம் கேட்டுத்தான் மிஸ் வந்தார்.

"என்ன இது, சண்டையா? மத்த ஆறு பேர் எங்கே?"

அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் இடுப்பில் கை வைத்துக் கேட்டார்.

"கள்ள ஓட்டுப் போட்டவங்களை என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"தெரியாது மிஸ்."

"எனக்கும் தெரியல. முதல்ல அந்த ஆறு நாற்காலியையும் எடுத்து அடுக்கு."

நான் ஒன்றை எடுத்தேன். சொல்லாமலே அக்கா இரண்டை எடுத்தார். மிஸ் வாசலுக்குப் போய்ப் பலகையைத் திருத்தினார். முதலிடம் வேறொரு புத்தகத்துக்குப் போனது. உப்புக் கோட்டை பட்டியலில் கடைசிக்கு வந்தது.

வெளியே வரும்போது நாங்கள் இருவரும் பலகையின் முன்னால் நின்று படித்தோம். உப்புக் கோட்டை, இரண்டு ஓட்டுகள். அதற்கு மேல் ஒன்றுகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை.