போத்து வாலேன்

பாட்டு சகாயமேரிக்கு மட்டும்தான் கேட்டது. செல்போனில் செருகிய ஹெட்போன் இரண்டு காதையும் இறுக்கமாக மூடியிருந்தது. பாடிய கிழவி ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தினாள். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியதாகத் தெரியவில்லை, யாரோ பதில் சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. மூன்றாவது வரிக்குப் பின் அந்த மௌனம் வந்தபோது, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயது லிசா "ம்" என்றாள்.

கதை கேட்கும் பிள்ளைகள் ம் கொட்டுவார்களே, அப்படி.

சகாயமேரி எழுந்து போய்ப் பார்த்தாள். குழந்தை சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. மணி ஏழுகூட ஆகவில்லை. பள்ளிக்கூட வேனில் ஆடி அலுத்து வந்து, பாதிச் சோற்றோடு தூங்கிவிட்டது. வெளியே மழை. வடக்குப்பட்டில் தொழிற்சாலை மதிலுக்கும் ஏரிக்கும் நடுவே மிஞ்சிய சில வீடுகளில் அவளுடையதும் ஒன்று. மதிலுக்கு அப்பாலிருந்து வழக்கமான ரப்பர் வாடை வந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் உளறாத பிள்ளை எது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பவும் பாட்டை ஓடவிட்டாள். மூன்றாவது வரி. மௌனம்.

"ம்."

அவள் பாட்டை நிறுத்திவிட்டுத் தம்பி ஜோயலுக்குப் போன் போட்டாள். அவனுக்கு மறைமலை நகரில் கம்ப்யூட்டர் வேலை. இந்தப் பாட்டை அனுப்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதித் தரச் சொன்னவன் அவன்தான்.

"இன்னாக்கா, எதுனா புரிஞ்சுதா?"

"ஒரு எழவும் புரில. தமிழ்தானா இது?"

"தமிழ்தான்னு சொல்றாங்க. குவாதலூப்புன்னு ஒரு தீவு, கரீபியன் கடல்ல. இன்னமும் பிரெஞ்சுக்காரங்க கையில கீது. நூத்தம்பது வருஷம் முன்னாடி பாண்டிச்சேரி, காரைக்கால்லருந்து நம்ம ஜனத்தக் கரும்பு வெட்டக் கப்பல்ல ஏத்தினு போயிருக்காங்க. அஞ்சு வருஷத்துல திருப்பிக் கொண்டாந்து வுடறோம்னு சொல்லித்தான். முக்காவாசிப் பேர் திரும்பவேல்ல."

ஜோயலுக்குப் பாட்டை அனுப்பிய அம்மாள் அந்தத் தீவுக்காரி, அந்த வம்சம். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் தாலாட்டு. தன் பாட்டி பாடியதை முப்பது வருஷத்துக்கு முன்னால் டேப்பில் பிடித்து வைத்தாளாம். கப்பல் பதிவேட்டில் முப்பாட்டியின் ஊர் வடக்குப்பட்டு என்றிருக்கப் போய்த்தான் அந்த ஊர்க்காரனான ஜோயலை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்திருக்கிறாள்.

"பேரு உலகம்மாள். வயசு இருவத்திநாலு. புள்ளைங்கன்ற எடத்துல வெறும் கோடு போட்டுக்கீதுக்கா."

"ஏன்டா நிறுத்தி நிறுத்திப் பாடுறாங்க?"

"அதான் கூத்து. அந்த எடத்துல புள்ளைங்க பதில் குடுக்கக் கூடாதாம். வாயப் பொத்திடுவாங்களாம். ஏன்னு கேட்டா, தெரில, அப்படித்தான் பழக்கம்ன்றாங்க. அப்புறம் ஒண்ணுக்கா, அவங்க வாயில ர எல்லாம் ல-வாப் பூடும். மாரியம்மன் அங்க மலியேமின். அத வெச்சி கேட்டுப் பாரு."

சகாயமேரி கேட்டுப் பார்த்தாள். அடிக்கடி வந்த வரி ஒன்று. போத்து வாலேன் கன்னு. போத்து வாலேன். ல-வை எடுத்துவிட்டு ர-வைப் போட்டாள்.

போயிட்டு வாரேன் கண்ணு.

பேனா கையிலேயே நின்றது. உலகில் எந்த வார்த்தை வந்திருந்தாலும் தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை. போன வருஷம் ஐப்பசியில் ஒரு காலை, குழம்பில் உப்பு போதவில்லை என்ற அற்பச் சண்டையில், அவள் கணவன் யேசுராஜ் பைக் சாவியைப் பிடுங்கிக்கொண்டு "போறேன்" என்றான். போயிட்டு வரேன் என்று சொல்லாமல் ஒருநாளும் படி இறங்காத மனிதன். ஒரகடம் ரவுண்டானாவில் லாரி. அன்றிலிருந்து லிசா கடைக்குப் போனாலும் சரி, கக்கூஸுக்குப் போனாலும் சரி, "போயிட்டு வரேம்மா" என்று சொல்லியாக வேண்டும். சகாயமேரி "வா" என்பாள். அதற்குப் பிறகுதான் வாசலைத் தாண்ட விடுவாள். வேன்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

அப்படியென்றால் இவள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். கோடு போட்ட இடத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்கிறது, இந்த ஊரில். அதனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறி, வர முடியாமல் செத்திருக்கிறாள். சகாயமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு நின்றது, மௌனம். தினமும் சொல்லிப் பழகிய வாய், தானாகவே சொல்லிவிட்டது.

"வா."

ஹெட்போனுக்குள் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். முன்பு கேட்டபோது அந்த மூச்சு இல்லை.

மறுநாள் காலை வீட்டில் வெல்லம் தீய்ந்த வாடை அடித்தது. அடுப்பே பற்றவைக்கவில்லை. வேன் வந்து ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டு லிசா வாசலில் திரும்பி நின்றாள்.

"போத்து வாலேம்மா."

"இன்னாடி சொன்ன?"

"போத்து வாலேன்."

"ஒழுங்கா சொல்லு! யாருடி சொல்லிக் குடுத்தா?" குழந்தையை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. அன்று அடித்தாள். லிசா அழவில்லை. வாசலுக்கு வெளியே, வேன் இல்லாத பக்கமாகப் பார்த்து லேசாகச் சிரித்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தபோது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ராஜம்மா குடையோடு எதிரே வந்தாள்.

"யாரு மேரி உன் சொந்தக்காரங்க? மத்தியானத்துலருந்து மழையில நனைஞ்சிகினு உன் வூட்டு வாசல்லயே நின்னுகினு கீது ஒரு பொம்பள. உள்ள வாம்மான்னா வரமாட்டேங்குது. நீதான் வரச் சொன்னியாம்."

அவள் ஓடினாள். வாசலில் யாரும் இல்லை. படியில் ஈரக் கால் தடங்கள் இரண்டு, மழை விழாத இடத்தில். குனிந்து தொட்டாள். விரலை நாக்கில் வைத்தாள். உப்பு.

ராஜம்மா வீட்டிலிருந்து லிசாவை வாரிக்கொண்டு வந்து கதவைத் தாழிட்டாள். ஜன்னல். கொல்லைக் கதவு. எல்லாத் தாழ்ப்பாளும் போட்டாள். ஆறரைக்குக் கரண்ட் போனது. மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினாள். அடுத்த வரி வரவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது, கதவுக்கு வெளியே, மிகத் தாழ்வாக, ஹெட்போன் இல்லாமல்.

போத்து வாலேன் கன்னு.

மௌனம்.

மடியில் லிசாவின் வாய் திறந்தது. சகாயமேரி பொத்தினாள். உள்ளங்கையில் உதடுகள் அசைந்தன. எதற்குப் பொத்துகிறார்கள் என்று அந்தத் தீவில் எல்லாரும் மறந்துபோனார்கள். அவளுக்கு இப்போது புரிந்தது.

"இது உன் புள்ள இல்லம்மா," என்றாள் கதவைப் பார்த்து. "உன் புள்ள செத்து எத்தினியோ காலமாச்சு. இது என்னுது. எனக்கு வேற யாருமில்ல. போயிடு."

பாட்டு நின்றது. மழையும் நின்றது. வெல்ல வாடை வீடெல்லாம் நிறைந்தது. வெளியே ஒரு பெண் அழுதாள். அடக்கி, அடக்கி. கணவன் செத்த அன்று தான் அழுததுபோலவே அது இருந்ததால், சகாயமேரியின் கை ஒரு நொடி தளர்ந்தது.

ஒரே நொடி.

"ம்," என்றாள் லிசா.

மெழுகுவர்த்தி அணைந்தது. மடி லேசானது. இருட்டில் கையால் துழாவினாள். பாய். தலையணை. ஈரம். கொல்லைக் கதவு விரியத் திறந்திருந்தது. ஏரிக்கரைப் பக்கம், ஜெனரேட்டரில் எரிந்த தொழிற்சாலை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், குழந்தை யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மணிக்கட்டுவரை கரும்புச் சோகை கிழித்த தழும்புகள் நிறைந்த கை. அதற்கு மேல் வெளிச்சம் படவில்லை.

லிசா திரும்பிப் பார்த்தாள். இந்த முறை ஒரு எழுத்தும் பிசகவில்லை.

"அம்மா, நான் போறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லு!" சகாயமேரி சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். "சொல்லுடி! என் கண்ணில்ல, ஒரே ஒரு தடவ சொல்லு! போயிட்டு வரேன்னு சொல்லு!"

ஏரியில் மூன்று நாள் தேடினார்கள். தண்ணீர் இடுப்பளவுதான்.

சகாயமேரி இப்போது வேலைக்குப் போவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு தீவில் பிடித்த அதே பாட்டு. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அதே மௌனம். அந்த மௌனத்தில் இப்போது ஒரு குழந்தை தூக்கக் கலக்கத்தோடு "ம்" என்கிறது.

"வா," என்கிறாள் சகாயமேரி. பாட்டு முடிகிறது. திரும்ப ஓடவிடுகிறாள்.

"ம்."

"வா."