உள்மூச்சு மட்டும்

மூச்சு நேற்றைவிடச் சற்று நீண்டிருந்தது.

டோர்பென் முதலில் தன் காதைத்தான் சந்தேகித்தான். ராக் மேடைகளில் கிட்டார் வாசித்துக் கெட்ட காது. அதற்குள் எப்போதும் ஒரு கொசு ரீங்கரிக்கும். மீண்டும் ஓடவிட்டான். இசை தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் யாரோ மூக்கின் வழியே காற்றை இழுக்கும் ஒலி, அதன் அடியில் கொதிக்கப்போகும் கெண்டியில் கேட்பதுபோன்ற ஈரமான கரகரப்பு, பிறகு சின்தசைசரின் நான்கு குரல்களும் ஒன்றாக எழுந்தன. எல்லாம் அவன் அமைத்தபடியே இருந்தது. முதல் சுரம் மட்டும் தாமதமாக வந்தது. இயந்திரம் அந்த மூச்சு முடியக் காத்திருந்ததுபோல.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவுக்கான இருநூறு வருடப் பழைய நால்வர் இசையை மின்னணுக் கருவிகளில் மட்டும் வாசித்து அவன் வெளியிட்ட இசைத்தட்டு வசந்தத்திலிருந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரமே மூச்சு விடுகிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். வானொலியில் ஒரு பெண் கேட்டாள், அந்த மூச்சை எப்படி உண்டாக்கினீர்கள் என்று. வெறும் இரைச்சலை வடிகட்டினேன் என்றான். சொன்னபோது தன் குரல் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பது இப்போதும் அவனுக்கு நினைவிருந்தது.

அது கெசீனாவின் மூச்சு.

மாடி வீட்டுக்காரி. தம்பியோடும் இரண்டு நண்பர்களோடும் வீட்டிலேயே நால்வர் இசை வாசித்துவந்தவள், முதல் வயலின். ராக் குழுவில் டிரம்காரன் குச்சிகளைத் தட்டி எண்ணித் தொடங்குவான். நால்வர் இசையில் எண்ணுவதில்லை. முதல் வயலின் வாசிப்பவர் மூச்சை இழுப்பார். அதே நொடியில் மற்ற மூன்று விற்களும் உயரும். அந்த மூச்சை விடும்போது எல்லோரும் இசைக்குள் இறங்குவார்கள்.

நுரையீரல் நோய் முற்றிய பிறகு, கடைசியாக ஒருமுறை தங்கள் வாசிப்பைப் பதிவுசெய்து தரும்படி அவள் அவனைக் கேட்டாள். முடிந்ததும் தனியாக அழைத்தாள்.

"டோர்பென், நான் மூச்சு இழுக்கறது பன்னி உறுமற மாதிரி கேக்குது. எனக்கே காது கூசுது. அதையெல்லாம் வெட்டிடு, என்ன? யாரும் கேக்கக் கூடாது."

"ஒண்ணு விடாம வெட்டிடறேன்," என்றான்.

வெட்டினான். இழுத்த மூச்சுகளைத் தனியே சேர்த்துவைத்துக்கொண்டான். விட்ட மூச்சுகள் நடுக்கத்தோடு நீண்டு, பயன்படாமல் இருந்தன. அவற்றை அழித்தான்.

இன்று இசையின் காவல் புனிதை செசீலியாவின் நாள். வீட்டிசைக்காரர்கள் கூடும் நாள். அக்கா இறந்து முதல் வயலின் இல்லாததால் வாசிக்க முடியாது, உன் தட்டையாவது கேட்கிறோம் என்று அவள் தம்பி ஃபோல்க்மார் சொல்லியிருந்தார். வாழ்நாளில் பாதி அந்த மூச்சைக் கேட்டுத் தொடங்கியவர்கள். அவர்களுக்குத் தெரியாமல் போகுமா?

டோர்பென் கணினியில் இசைக்கோப்பைத் திறந்து மூச்சை மட்டும் நீக்கினான். ஓடவிட்டான்.

மூச்சு வந்தது. இன்னும் நீளமாக.

கதவு மணி அடித்தது.

வெளியே நவம்பரின் மாலை அதற்குள் இருண்டிருந்தது. மூவரும் காலணிகளைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறைகளோடு வந்தார்கள். ஈரக் கோட்டு வாடையும் பிளம் கேக்கின் இலவங்கப்பட்டை மணமும் அறையில் கலந்தன.

"கிட்டார்காரா, காது கிழியுமாடா? பஞ்சு கொண்டுவந்திருக்கேன்," என்றார் வயோலா வாசிக்கும் ஹென்னிங்.

"உனக்குக் கேக்கறதே பாதிதான். அதுக்கும் பஞ்சு வேறயா?" என்றாள் அவர் மனைவி வீப்கே, இரண்டாம் வயலின்.

பேசிக்கொண்டே நாற்காலிகளை அரைவட்டமாக இழுத்துப் போட்டார்கள். பழக்கம். இடது முனையில் ஒரு நாற்காலி காலியாக நின்றது. ஒலிபெருக்கி அதன் பின்னால், உட்கார்ந்தவரின் முக உயரத்தில் இருந்தது. வீப்கே மெழுகுவர்த்திகளை ஏற்றினாள்.

அவன் பொத்தானை அழுத்தினான்.

மூச்சு. மூன்று வலக்கைகள் மேலெழுந்தன.

இசை தொடங்கியதும் கைகள் இறங்கின. ஃபோல்க்மார் தன் கையை வேறு யாருடையதோபோலப் பார்த்தார்.

"நிறுத்துப்பா." நிறுத்தினான். "இந்த மூச்சு யாரோடது?"

காதிலிருந்து கழுத்துவரை டோர்பெனுக்குச் சுட்டது. பெயர் நாக்கின் நுனியில் இருந்தது. சொல்லிவிடலாம். வீப்கே கேக் வெட்டும் கத்தியை அசையாமல் பிடித்திருந்தாள்.

"மெஷினோடது," என்றான்.

"அப்பாடா," என்றார் ஃபோல்க்மார். "எங்க அக்காவோடதுன்னு நெனச்சுட்டேன். அந்தச் சத்தத்துக்கு அவ அவ்ளோ கூசுவா. ஆஸ்பத்திரியில நாங்க உள்ள போனா மூச்சை அடக்கிப்பா. நாங்க வெளிய போறவரைக்கும் விட மாட்டா."

டோர்பென் தரையைப் பார்த்தான். தன் காலுறையில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தான்.

அப்போது மூச்சு தொடங்கியது.

அவன் கை பொத்தானில் இல்லை. மின்கம்பியைப் பிடுங்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது. மூச்சு அணையவில்லை. கரகரப்போடு உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தது. திரைச்சீலைகள் சன்னலிலிருந்து அறைக்குள் உப்பின. மெழுகுச் சுடர்கள் காலி நாற்காலியை நோக்கிச் சாய்ந்தன, அப்படியே நின்றன.

மூன்று கைகள் உயர்ந்தன. மூன்று மார்புகள் விம்மின.

இறங்கவில்லை.

"ஃபோல்க்மார்," என்று கூப்பிட நினைத்தான். சொல் வரவில்லை. சொல்லுக்குக் காற்று வெளியே போக வேண்டும். காற்று உள்ளே மட்டும் போனது. இன்னும். இன்னும். விலா எலும்புகள் விரிந்து வலித்தன. அது கெசீனாதான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் திறந்திருந்தது.

வீப்கேயின் உதடுகள் நீலமாகின. ஹென்னிங்கின் கண்ணாடி மடியில் விழுந்தது. எடுக்கவில்லை. மூவரும் காலி நாற்காலியையே பார்த்தார்கள். பயத்தோடு அல்ல. மரியாதையோடு, இத்தனை காலம் பார்த்ததுபோலவே. அவள் மூச்சு விட்டால் தொடங்கலாம்.

அதை அவன் அழித்திருந்தான்.

சுடர்கள் சாய்ந்தே எரிந்தன. இல்லாத விற்களைப் பிடித்த மூன்று கைகள் உயரத்தில் நின்றன. அவற்றோடு மெல்ல, அவனுடைய கையும்.