ஏழு வினாடி கூடுதல்

நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி இருந்த பேச்சு, மாற்றி எடுத்ததும் நாலு நிமிடம் பத்தொன்பது வினாடி ஆகியிருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவளுக்கு, ஒரு தாளில் இருக்கும் எண்ணோடு இன்னொரு தாளில் இருக்கும் எண் ஒத்துப்போகாமல் மல்லுக்கு நிற்பது புதிதில்லை. ஆனால் அடுத்த ஃபைலில் ஐந்து வினாடி கூடியிருந்தது. அதற்கடுத்ததில் பதினாலு. அதற்கடுத்ததில் ஒன்றுமே கூடவில்லை. கூடினால் எல்லாவற்றிலும் ஒரே அளவாகக் கூட வேண்டாமோ?

பிணவறை டாக்டர் அந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். இருபத்திரண்டு வருடமாக, ஒவ்வொரு பிரேதப் பரிசோதனையையும் முடித்த கையோடு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன ரெக்கார்டரில் தான் கண்டதையெல்லாம் பேசிப் பதிந்து வைப்பது அவர் வழக்கம். அந்த ரெக்கார்டரின் ஃபைல்கள் பழைய ரகம். ஆவணப் பிரிவின் மூலையில் கிடக்கும் ஒரே ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் திறக்காது. அதுவும் கண்ணை மூடுவதற்குள் எல்லாவற்றையும் எம்பி3 ஆக மாற்றிவிட வேண்டும். ஐம்பது ஐம்பதாக மாற்றக் கொடுத்து, முதல் பத்து வினாடி கேட்டு, டாக்டர் சொல்லும் எண்ணும் தேதியும் ஃபைலின் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பட்டியலில் ஒரு டிக். அவ்வளவுதான் வேலை. யாரும் எதையும் முழுதாகக் கேட்கச் சொல்லவில்லை.

அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. சன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்துகிறதா மழை ஊற்றுகிறதா என்பது, மேலிருந்து வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். இரும்பு அலமாரிகளில் அடுக்கிய காகிதக் கட்டுகளின் மக்கல் வாடையும், தரை துடைத்த பினாயிலின் நெடியும், எங்கோ சுவருக்குள் லிஃப்ட் ஏறி இறங்கும்போது எழுகிற முனகலும், தலைக்கு மேல் ட்யூப்லைட் விடாமல் பாடிக்கொண்டிருக்கும் ரீங்காரமும் அவளுக்குப் பழகிப்போய், தன் மூச்சைப் போலவே கவனத்துக்கு வராத சங்கதிகள் ஆகியிருந்தன.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவருக்கு ஃபோன் போட்டாள்.

"மாத்தினா நீளம் கூடுதுப்பா. ஏழு செகண்ட், அஞ்சு செகண்டுன்னு."

"சில சமயம் கடைசியில வெத்து சத்தம் சேரும்க்கா. ஒண்ணும் பண்ணாது, விடுங்க."

"வெத்து சத்தம்னா?"

"சும்மா, இரைச்சல். உங்களைக் கடிச்சுடாது." சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இரைச்சல்தானா என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகப் போகும் என்று நினைத்துத்தான் அவள் ஹெட்போனை மாட்டினாள். முதல் ஃபைலின் கடைசிக்குப் போனாள். டாக்டரின் சாவகாசமான, கொஞ்சம் தொண்டை கட்டிய குரல்: "...இயற்கை மரணம். சந்தேகப்படும்படி எதுவும் இல்லை." பிறகு அவர் ரெக்கார்டரை நிறுத்தும் க்ளிக். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கோ சொட்டுவது கேட்டது. யாரோ மூச்சை இழுத்தார்கள், நெடுநேரம் அடக்கி வைத்திருந்து இழுக்கிற மாதிரி. வயதான ஒரு பெண் குரல், மைக்குக்கு மிக அருகில், மரியாதையாகச் சொன்னது:

"அப்படி இல்லீங்க."

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கிழட்டுக் கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைப் போட்டுக் கேட்டாள். "எதுவும் இல்லை." க்ளிக். அத்தோடு சரி. மறுபடி மாற்றிய ஃபைலைப் போட்டாள். அப்படி இல்லீங்க.

பக்கத்தில் யாராவது நர்ஸ் நின்றிருப்பார். அதுதான். வேறென்ன இருக்க முடியும்? அடுத்ததைக் கேட்டாள். ஐந்து வினாடி. ஓர் ஆண் குரல், சலிப்போடு: "முதுகையும் பாத்திருக்கலாம்ல." பதினாலு வினாடி கூடியிருந்ததில் பதின்மூன்று வினாடி மூச்சுச் சத்தம் மட்டும். கடைசியில் ஓர் இளம்பெண், கெஞ்சலாக: "லைட்டை அணைச்சிடாதீங்க."

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

மூன்று மணி வாக்கில் டாக்டரே கீழே வந்தார். மேசையைக் காலி செய்துகொண்டிருக்கிறவர், கையில் ஒரு பழைய பேனாத் தாங்கியை வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாதவர்போல் நின்றார்.

"எதுவரைக்கும் வந்திருக்கும்மா?"

"கடைசி மூணு வருஷம்தான் பாக்கி சார்." கொஞ்சம் தயங்கினாள். "சார், நீங்க பேசி முடிச்சதும் ரெக்கார்டரை உடனே நிறுத்திடுவீங்களா?"

"உடனே."

"பக்கத்துல யாராவது..."

"யாரும் இருக்க மாட்டாங்க. நான் தனியாத்தான் பேசுவேன்." அவர் பேனாத் தாங்கியை மேசைமேல் வைத்தார். மறுபடி எடுத்துக்கொண்டார். "முதல் பத்து செகண்ட் கேட்டா போதும்னுதானே சொல்லியிருக்காங்க?"

"ஆமா சார்."

"அதோட விட்டுடும்மா." கதவு வரை போனவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒண்ணைக்கூடத் திருப்பிப் போட்டுக் கேட்டதில்ல."

அவர் காலடி மாடிப்படியில் தேய்ந்து மறைந்தது.

கடைசி மூன்று வருடம். அந்த அடுக்கில் தன் கணவனுடைய ஃபைல் வரும் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். வேலையைக் கொடுத்த மேலதிகாரிக்கு மறந்துபோயிருந்தது, அவளும் நினைவூட்டவில்லை. ஐம்பதோடு ஐம்பதாக அதுவும் போய்விடும், பார்க்காமல் டிக் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. காலையில் இருவருக்கும் சண்டை. எதற்கென்று இப்போது கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவராக வந்து பேசும்வரை பேசுவதில்லை என்று படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் குளிக்கப் போனார். ஈரத்தில் வழுக்கி, தொட்டியின் விளிம்பில் பின்மண்டை அடிபட்டது. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து குளியலறைத் தாழ்ப்பாளை உடைத்தார். தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன், எதுவுமே கேட்கவில்லை என்று அவள் எல்லாரிடமும் சொன்னாள். நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "உனக்கு எப்படிம்மா தெரியும்? உடனே போயிட்டானாம். வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரும்மா." அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று வருடத்தைக் கடந்தாள்.

கடைசி அடுக்கை மாற்றக் கொடுத்தாள். திரையில் பச்சைப் பட்டை வேகமாக ஓடியது. ஒரு ஃபைல், இரண்டு ஃபைல், பத்து, இருபது. இருபத்தாறாவதில் நின்றது. கம்ப்யூட்டரின் விசிறி உரத்துச் சுழலத் தொடங்கியது. சூடான தூசியின் வாடை எழுந்தது. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். பத்து நிமிடம். தேதியை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பட்டை நிரம்பியது.

பழைய ஃபைல்: ஆறு நிமிடம் பத்து வினாடி. புதிய ஃபைல்: நாலு மணி முப்பத்தொரு நிமிடம் பத்து வினாடி.

அழித்துவிட வேண்டும் என்றுதான் அவள் சுட்டியைப் பிடித்தாள். கை அதை அழிக்காமல் திறந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"...மரணம் உடனடியாக நேர்ந்திருக்க வேண்டும்," என்றார் டாக்டர். க்ளிக்.

தண்ணீர் கொட்டும் சத்தம். மூடாத குழாய். அந்தக் குழாயின் சத்தத்தை அவளால் ஆயிரம் குழாய்களுக்கு நடுவில் அடையாளம் சொல்ல முடியும்; பாதி திறந்தால் விசில் அடிக்கும், முழுதாகத் திறந்தால் இருமும். இப்போது விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு மூச்சு, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி.

"சுண்டெலி."

கலியாணமான வாரமே அவர் வைத்த பெயர். அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பெயர்.

"சுண்டெலி... இங்க வாயேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓட்டிப் பார்த்தாள். பத்தாவது நிமிடம்: குழாய், மூச்சு, சுண்டெலி. முப்பதாவது நிமிடம்: குழாய், மூச்சு. "எழுந்திருக்க முடியலம்மா." ஐம்பதாவது நிமிடத்தில் வேறொரு சத்தம் சேர்ந்தது. தூரத்தில். டப், சர்ர். டப், சர்ர். வலது கால் செருப்பின் வார் அறுந்து தரையில் இழுபடுகிற சத்தம். வீட்டுக்குள் போடுகிற நீலச் செருப்பு. இவளுடைய செருப்பு.

அது நெருங்கி வந்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"வந்துட்டியா," என்றார் அவர். குரலில் அப்படி ஒரு ஆசுவாசம். "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி யாரையாவது... சுண்டெலி?"

செருப்பு நின்றுகொண்டே இருந்தது. அவள் எண்ணினாள். இருபது வினாடி. முப்பது. அப்போது தான் என்ன நினைத்தோம் என்பது சொல்லுக்குச் சொல் அவளுக்கு நினைவிருந்தது. அவர் அப்படித்தான். சண்டை என்றால் விழுந்த மாதிரி நடிப்பார், காய்ச்சல் மாதிரி நடிப்பார், இவள் பதறி ஓடி வந்ததும் கண்ணடிப்பார். நடிக்கிறார், நடிக்கட்டும். இந்தத் தடவை நான் ஏமாறப் போவதில்லை.

டப், சர்ர். டப், சர்ர். செருப்பு திரும்பிப் போனது.

"சுண்டெலி," என்றார் அவர். இன்னும் மூன்றரை மணி நேரம் மிச்சம் இருந்தது.

ஹெட்போனைப் பிய்த்தெறிந்தாள். அது சொருகியிருந்த இடத்திலிருந்து பிடுங்கிக்கொள்ள, குழாயின் விசில் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கிளம்பியது. நிறுத்தத் தட்டினாள். நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். நிற்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்து ஓடினாள். வயர் கணுக்காலில் சுற்றி அவளைத் திருப்பிப் போட்டது. பின்மண்டை இரும்பு அலமாரியின் விளிம்பை நோக்கிச் சாய்ந்தது.

சத்தமே இல்லை. வெள்ளையாக ஒரு மின்னல் மட்டும்.

பிறகு தரை. கன்னத்தில் சில்லென்ற ஓடு. பினாயில் நெடி. பின்மண்டையிலிருந்து வெதுவெதுப்பாக ஏதோ காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலை அசைத்துப் பார்த்தாள். கால் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கையும் அப்படித்தான். கண் மட்டும் அசைந்தது.

ஸ்பீக்கர் ஓய்ந்துவிட்டிருந்தது. ட்யூப்லைட்டின் ரீங்காரம். அவளுடைய மூச்சு, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி.

கண்ணுக்கு நேரே கதவு. கதவுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அதன் வழியே நடைகூடத்தின் வெளிச்சம் தரையில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. மணி நாலுகூட ஆகியிருக்காது. மேலே இருநூறு பேர் நடமாடுகிறார்கள். யாராவது வருவார்கள். கட்டாயம் வருவார்கள்.

வந்தார்கள்.

நடைகூடத்தின் அந்தக் கோடியிலிருந்து. மெதுவாக.

டப், சர்ர்.

இல்லை, என்று நினைத்தாள்.

டப், சர்ர்.

வெளிச்சப் பட்டையை இரண்டு பாதங்கள் மறித்தன. நீலச் செருப்பு. வலது வார் அறுந்து பக்கவாட்டில் தொங்கியது. கணுக்காலில் காப்பிக் கொட்டை அளவு ஒரு தீத்தழும்பு. எப்போது சுட்டது, எப்படிச் சுட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"யாராவது..." என்றாள். குரல் காற்றாக வந்தது. "கதவைத் திறங்க. எழுந்திருக்க முடியல."

பாதங்கள் அசையவில்லை. கேட்டுக்கொண்டு நின்றன.

"நான் நடிக்கல," என்றாள். "சத்தியமா நடிக்கல."

இருபது வினாடி. முப்பது. அங்கே நிற்கிறவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது சொல்லுக்குச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

நீலச் செருப்புகள் திரும்பின. இப்போது குதிகால்கள் மட்டும் தெரிந்தன, வெடித்த, வெளுத்த குதிகால்கள். அவை அவசரமே இல்லாமல் வெளிச்சத்தை விட்டு விலகின.

டப், சர்ர்.

டப், சர்ர்.

டப்.