அகல்யாவைக் கடித்த கொசு

ஆரணியிலேயே அழகான ஸ்லைடு தங்களுடையதுதான் என்று பிரிஸில்லாவும் தென்னரசுவும் ஒத்திகை தொடங்கும் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், பிள்ளைகள்!

சனிக்கிழமை பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சல். அதனால் பள்ளிக்குப் புதிதாக வந்த புரொஜெக்டரில் ஸ்லைடு போட்டு, கொசுவை எப்படி ஒழிப்பது என்று பெற்றோர்களுக்கு விளக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து இவர்கள் இருவரையும் கலையரசி டீச்சர் தேர்ந்தெடுத்திருந்தார்.

பிரிஸில்லாவுக்கு இது வெறும் பள்ளி வேலை இல்லை. பக்கத்து வீட்டு அகல்யா அவளுடைய உயிர்த்தோழி. வகுப்பிலும் ஒரே பெஞ்சு. அந்த அகல்யா டெங்குவில் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போதுதான் வாடிய கீரை போல வீடு திரும்பியிருந்தாள். நம் தெருவில் இனி ஒருவரும் இப்படிப் படுக்கக் கூடாது என்று பிரிஸில்லா முடிவு கட்டியிருந்தாள்.

ஆகவே உழைத்தார்கள். அப்படி ஓர் உழைப்பு! அறிவியல் பாடத்தில் கொசுவைப் பற்றி இருந்ததை ஒரு வரி விடாமல் ஸ்லைடில் ஏற்றினார்கள். மொத்தம் நாற்பத்திரண்டு ஸ்லைடு.

நிறம் தேர்ந்தெடுத்தது பிரிஸில்லா. அவள் பட்டு நெய்யும் வீட்டுப் பிள்ளை. அரக்கு நிறப் புடவைக்குப் பச்சைக் கரை போட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கா தெரியாது? பின்னணி அரக்கு, எழுத்து பச்சை என்று போட்டாள். எழுத்துகளை ஓட விடும் வேலை தென்னரசுவுடையது. ஒவ்வோர் எழுத்தும் மூலையிலிருந்து குட்டிக்கரணம் அடித்துக்கொண்டு வந்து உட்காரும்.

வியாழக்கிழமை மதியம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்து ஒத்திகை. டீச்சர் விளக்கை அணைத்தார். பிரிஸில்லா பொத்தானை அழுத்தினாள். எல்லோரும் சுவரையே பார்த்தார்கள்.

"அக்கா, ஸ்லைடு எப்போ வரும்?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான்.

"வந்துடுச்சுடா!"

"எங்க?"

புடவையில் கண்ணைப் பறிக்கும் அரக்கும் பச்சையும், சுவரில் ஒன்றோடொன்று கலந்து சேறாகிக் கிடந்தன. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. பிரிஸில்லா விடுவாளா? எல்லாவற்றையும் வாய்விட்டே படித்தாள். மூன்றாவது ஸ்லைடில் கொட்டாவி கிளம்பியது. பத்தாவது ஸ்லைடில் முன்வரிசைப் பையன் பக்கத்துப் பையனின் தோளில் சாய்ந்தே விட்டான்.

"புடவையா இருந்தா நானே வாங்கிக் கட்டியிருப்பேன் பிரிஸில்லா" என்று சிரித்தார் டீச்சர். "ஆனா படிக்க முடியலையேம்மா. இன்னும் ஒரு நாள் இருக்கு. ரெண்டு பேரும் யோசிங்க."

வெளியே வந்ததும் தென்னரசு தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு! எங்கப்பா வேற வராரு. அவரு எந்த கூட்டத்துலயும் முழுசா உக்காந்ததே இல்ல. செருப்பகூட கழட்டாம கதவாண்டயே நிப்பாரு. இதப் பாத்தா மொத ஆளா எழுந்து போயிடுவாரு."

அவன் சொன்னது பொய்யில்லை. போன வருடக் கூட்டத்தில் பாதிப் பேச்சிலேயே பாதி நாற்காலி காலி. இந்த முறையும் அப்படி எழுந்து போய்விட்டால் கொசுவை யார் ஒழிப்பது?

அன்று மாலை பிரிஸில்லா இளநீரோடு அகல்யாவைப் பார்க்கப் போனாள்.

"ஸ்லைடு காட்டுடி. நானும் பாக்கறேன்" என்றாள் அகல்யா ஆசையாக.

தன் அம்மாவின் போனில் ஸ்லைடைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள் பிரிஸில்லா. நாலாவது ஸ்லைடில் மெல்லிய குறட்டை கேட்டது. உயிர்த்தோழியே தூங்கிவிட்டாள்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பிரிஸில்லா எழுந்தாள்.

"பிரிஸி..." அகல்யா அரைக் கண்ணைத் திறந்தாள். "ஒண்ணு கேக்கட்டா? என்னைக் கடிச்ச கொசு எங்கடி பொறந்திருக்கும்? எங்கம்மா ட்ரம்முக்குத் துணி கட்டி வச்சிருக்குது. டயரு இல்ல, தொட்டி இல்ல. அப்போ அது எங்கேர்ந்து வந்துச்சு?"

கேட்டுவிட்டு அவள் மறுபடி தூங்கிப் போனாள். பிரிஸில்லாவுக்குத்தான் அந்தக் கேள்வி காதோரம் கொசு மாதிரியே ரீங்காரம் போட்டது. நாற்பத்திரண்டு ஸ்லைடில் எங்கேயும் இதற்குப் பதில் இல்லையே!

மறுநாள் மழை விடுமுறை. விடுமுறை என்று சொன்னதும் மழை நின்றுவிடுவது வழக்கம்தானே? டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் துப்பறியக் கிளம்பினார்கள்.

கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உடைந்த பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பூந்தொட்டித் தட்டு, பழைய பக்கெட், மொட்டைமாடி, ஒன்றையும் விடவில்லை. எங்கேயும் ஒரு புழு கிடையாது. தெரு சுத்தமாகத்தான் இருந்தது.

"பேஜாரா கீது. கொசு ஆகாசத்துலயா பொறக்குது?" என்று அலுத்துக்கொண்டான் தென்னரசு.

இருவரும் பிரிஸில்லா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அங்கே இரண்டு தறி. ஒன்றில் அவள் அப்பா டேவிட்ராஜ் நெய்துகொண்டிருந்தார். இன்னொன்று சும்மா நின்றது. மழைக்காலத்தில் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்ய முடியாது. பாவு இல்லாவிட்டால் தறிக்கு வேலையில்லை. அதனால் நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் தறிக்குழியைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

பிரிஸில்லாவின் காலில் சுருக்கென்றது. பட்டென்று அடித்தாள். உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்த கொசுவின் காலெல்லாம் வெள்ளை வரி.

"டேய், டெங்கு கொசுடா!"

"இங்கயா?"

இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பலகையைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தென்னரசு டார்ச்சை அடித்தான்.

குழியில் மிதிக்கட்டை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். அதற்குள் நெளிநெளியென்று நூற்றுக்கணக்கில் கொசுப்புழு!

"அப்பா! ஜல்தி வாங்க!"

டேவிட்ராஜ் வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஊத்துத் தண்ணிம்மா. மழை பேஞ்சா குழில ஊறும். பாவு வந்தப்பறம் எறச்சிக்கலாம்னு மூடி வச்சேன். தெருவுல எல்லாரும் அப்படித்தானே..." சொல்லிக்கொண்டே வந்தவர் புழுவைப் பார்த்ததும் பக்கெட்டைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும்!" பிரிஸில்லா துள்ளிக் குதித்தாள். "ட்ரம்மு, டயரு எல்லாம் பாத்தோம். பலகைக்குக் கீழ மட்டும் யாரும் பாக்கல! கண்டுபிடிச்சிட்டோம்டா!"

குதித்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குழிக்கும் அகல்யாவின் கட்டிலுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

தண்ணீரை இறைப்பதற்கு முன்னால் அம்மாவின் போனில் போட்டோவும் வீடியோவும் எடுத்தாள். ஒரு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீரையும் பிடித்து, இறுக்கி மூடிக்கொண்டாள். எதற்கு என்று தெரிந்ததும் அம்மா அமலோற்பவம் பதறிப் போனார்.

"நம்ம வீட்டுக் குழியவா ஊருக்கே காட்டப் போற? மானம் போயிடும்டி! வேற யாரு வீட்டதயாச்சும் காட்டு."

"அப்போ அவங்க மானம் போயிடுமேம்மா? நம்மளதக் காட்டினாதான் யாருக்கும் கோவம் வராது. அவங்கவங்க வீட்டுப் பலகையத் தூக்கிப் பாப்பாங்க."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டே, "காட்டட்டும் வுடு" என்றார்.

அம்மா போட்டோவை நெருங்கிப் பார்த்தார். "சரி, காட்டித் தொலை. ஆனா பின்னாடி என் பழைய நைட்டி காஞ்சிகினு இருக்குது பாரு, அத மட்டும் வெட்டி எடுத்துடு!"

பிறகென்ன? பழைய ஸ்லைடுகளை மொத்தமாக அழித்தாள் பிரிஸில்லா. தென்னரசுவுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போல இருந்தது.

"முதல்ல கேள்வி கேப்போம். பதில கடைசி வரைக்கும் சொல்லக் கூடாது" என்றாள் அவள். "ஒரு ஸ்லைடுக்கு ஒரே ஒரு படம். வெள்ளையில கறுப்பு எழுத்து, பெருசா. கடைசி பெஞ்சுக்கும் தெரியணும்."

"என் குட்டிக்கரணம்?"

"கடைசியா 'நன்றி'ன்னு ஒண்ணு போடுவோம். அதுல உன் இஷ்டம்."

தென்னரசுவின் முகம் பளிச்சென்று ஆனது. மொத்தம் எட்டே ஸ்லைடு. அகல்யாவிடம் போய், "உன் போட்டோவப் போடட்டுமா?" என்று கேட்டதற்கு, "நல்லா சிரிக்கிற போட்டோவா போடு" என்று அனுமதி கிடைத்தது.

சனிக்கிழமை வந்தது. கூடத்தில் நல்ல கூட்டம். செய்யாறு கம்பெனியில் வேலை பார்க்கும் அகல்யாவின் அம்மா பொன்னம்மாள், ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கதவோரம் தென்னரசுவின் அப்பா குப்புராஜ், செருப்பும் காலுமாக.

"ஜல்தி முடிங்கம்மா, வேலை கீது" என்று தொடங்கும் முன்பே குரல் கொடுத்தார்.

பிரிஸில்லா பொத்தானை அழுத்தினாள். சுவர் முழுக்க அகல்யா சிரித்தாள். கீழே ஒரே ஒரு வரி: 'அகல்யாவைக் கடித்த கொசு எங்கே பிறந்தது?'

"நீங்களே சொல்லுங்க" என்றாள் பிரிஸில்லா.

"டயருல!" என்றார் ஒருவர். அடுத்த ஸ்லைடில் டயர், காய்ந்து கிடந்தது. "இல்லை!" என்று கத்தினான் தென்னரசு.

"கொட்டாங்கச்சி!" "இல்லை!"

"தண்ணி ட்ரம்மு!" "இல்லை!"

இப்போது கூடமே கத்தியது. பூந்தொட்டி என்றார்கள், ஃபிரிட்ஜ் என்றார்கள், மொட்டைமாடி என்றார்கள். குப்புராஜ்கூட இரண்டடி உள்ளே வந்து, "அட, எங்கதான் பொறந்துச்சு? சொல்லித் தொலைங்க!" என்றார்.

பிரிஸில்லா வீடியோவை ஓட விட்டாள். சுவரில் ஆள் உயரத்துக்குக் கொசுப்புழுக்கள் நெளிந்தன. "ஐயய்யோ!" என்று எதிர்வீட்டுப் பாஞ்சாலை அக்கா காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார். பிரிஸில்லா பாட்டிலை உயர்த்திப் பிடித்தாள்.

"இந்தத் தண்ணி நம்ம தெருவுல ஒரு வீட்டுலதான் எடுத்தது."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிஸில்லா மூச்சை இழுத்து, அடுத்த ஸ்லைடைத் தள்ளினாள். தறிக்குழி.

"இது எங்க வீடு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவு இல்லாத தறி. பலகை போட்டு மூடி வச்சிருந்தோம். அகல்யா வீட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு செவுருதான். மன்னிச்சிடுங்க, அத்தை."

பொன்னம்மாள் சுவரையே பார்த்தார். பிறகு பிரிஸில்லாவைப் பார்த்தார்.

"அந்தக் கொசு இன்னா, எந்த வீட்ல பொறந்துச்சுன்னு பர்த் சர்டிபிகேட்டா வாங்கி வச்சிகினு இருந்துச்சு? நீ அழாம மேல சொல்லுடி, என் தங்கம்" என்றார்.

அதற்குள் சரக் சரக்கென்று செருப்புச் சத்தம். குப்புராஜ் விடுவிடுவென்று வெளியே போய்க்கொண்டிருந்தார்.

தென்னரசுவின் முகம் தொங்கிப் போனது. "நான்தான் சொன்னேனே..."

"யோவ், எங்கய்யா ஓடற?" என்று யாரோ கேட்டார்கள்.

"என் வீட்ல ரெண்டு தறி சும்மா நிக்குதுய்யா! பலகையத் தூக்கிப் பாக்க வாணாமா?" என்று வாசலிலிருந்து கத்தினார் குப்புராஜ்.

அவ்வளவுதான். நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. பாஞ்சாலை அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினார். டேவிட்ராஜ், "எங்க வீட்ல ரெண்டு பக்கெட்டு கீது, வாங்க!" என்று பின்னாலேயே ஓடினார். கொஞ்ச நேரத்தில் கூடம் மொத்தமும் காலி.

"இன்னும் ஒரு ஸ்லைடு இருக்கே!" என்று சிரித்தார் கலையரசி டீச்சர். சிரித்ததில் அவர் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அன்று மாலை தெரு முழுக்கப் பக்கெட் சத்தம். ஒவ்வொரு வாசலிலும் தறிக்குழித் தண்ணீரைச் சளார் சளாரென்று வெயில் காயும் தரையில் கொட்டினார்கள். பிரிஸில்லாவும் தென்னரசுவும் டார்ச்சோடு வீடு வீடாகப் போய்க் குழிகளைச் சரிபார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் அகல்யா வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"எல்லாருக்கும் காட்டினீங்க. எனக்கு?" என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள் அகல்யா.

"தூங்கிட மாட்டியே?"

போனில் ஸ்லைடுகள் நகர்ந்தன. அகல்யா இமைகூடக் கொட்டவில்லை. "டயரு?" "இல்லை!" "ட்ரம்மு?" "இல்லை!" குழி வந்தபோது ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியாக, ஊரில் ஒருவரும் பார்க்காத அந்த எட்டாவது ஸ்லைடு வந்தது. மூலையிலிருந்து 'ந' குட்டிக்கரணம் அடித்து வந்தது. பின்னாலேயே 'ன்' உருண்டது. 'றி' மேலிருந்து தொப்பென்று குதித்து, இரண்டு முறை எம்பி, நேராக நின்றது.

அகல்யா கைகொட்டிச் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

"டேய் தென்னரசு, சூப்பர்டா! முதல்லேர்ந்து இன்னொரு தடவை போடு!"